ஏன் மாறினீர்கள் என்ற கேள்விக்கு

திருவனந்தபுரம் நெடுங்காலமாக அரசு உத்தியோகத்தின் ஊர். தலைமைச் செயலகம், பட்டத்தில் பொதுத் தேர்வாணையம், நகரெங்கும் இயக்ககங்கள், வாரியங்கள். ஒருவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்; அந்தப் பதில் முப்பது ஆண்டுகளுக்கு மாறாது. சாலைக் கடைத்தெருவையும் கரமனையையும் கோட்டைப் பகுதியையும் சுற்றித் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களிலும், வியாபாரத்தில் இறங்காதவர்களுக்கு இதுவே வழக்கமாக இருந்தது. 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்று அது பெயர் பெற்றது. அதன் பிறகுதான் இவ்வூர் வீடுகளில் வேறொரு வகை உத்தியோகம் நுழைந்தது. ஒரே துறையில் சேர்ந்து அதே துறையில் ஓய்வுபெற்ற தந்தையும், ஐந்து ஆண்டுகளில் மூன்றாவது நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்திருக்கும் மகளும் இன்று ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். "ஏன் மாறினாய்?" என்று தந்தை கேட்கிறார். அடுத்த நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவரும் அதையே கேட்கிறார். தந்தையிடம் சொல்லும் பதிலில் பாதி வாயிலேயே நின்றுவிட்டாலும் வீட்டில் சோறு உண்டு. நேர்முகத் தேர்வில் அப்படியில்லை.

வங்கி இதழில் இந்தப் பொருளுக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கக்கூடும். வீட்டுக் கடனுக்கான விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். இப்போதைய நிறுவனத்தில் எத்தனை ஆண்டு, மொத்தப் பணி அனுபவம் எத்தனை ஆண்டு என்று இரண்டு தனித்தனிக் கட்டங்கள் அதில் இருக்கும். அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி தெரிந்தால், வேலைக்கு ஆளெடுப்பவர் கேட்கும் கேள்வி வங்கி அலுவலர் மனத்திலும் எழும். அந்த வகையில் நாமும் மேசையின் அந்தப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களே. அங்கிருந்து பார்க்கும்போது தெரியும் சிலவற்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில், கேட்பவர் உண்மையில் எதை அறிய விரும்புகிறார்? பழைய நிறுவனங்களின் வரலாறு அவருக்கு வேண்டியதில்லை. புதிதாக ஒருவரை எடுத்தால் அவருக்குப் பயிற்சி தர வேண்டும். வேலை பழகும்வரை சம்பளம் தர வேண்டும். உடனிருக்கும் மூத்தவர் ஒருவரின் நேரத்தையும் அவருக்காக ஒதுக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்த வேளையில் அவர் கிளம்பிவிட்டால் செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே "ஏன் அங்கிருந்து போனீர்கள்?" என்ற கேள்விக்குள் "இங்கிருந்தும் போய்விடுவீர்களா?" என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. கேட்கப்படுவது கடந்த காலம். பதில் வேண்டியது வருங்காலத்துக்கு. இதை உணராமல், நடந்தவற்றை ஒவ்வொன்றாக நியாயப்படுத்தத் தொடங்குகிறவர், எவ்வளவு உண்மையாகப் பேசினாலும் கேட்டவருடைய ஐயத்தைத் தீர்ப்பதில்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இன்போசிஸ் தன் பணியாளர் வெளியேற்ற விகிதத்தை 28.4 விழுக்காடு என்று அறிவித்தது. டி.சி.எஸ். நிறுவனத்தில் அதே காலாண்டில் 19.7, அடுத்த காலாண்டில் 21.5. பெருந்தொற்றுக்குப் பின் தகவல் தொழில்நுட்பத் துறை முழுவதும் ஆளுக்கு அலைந்த காலம் அது. இரண்டே ஆண்டுகளில், 2024 மார்ச் மாத இறுதியில், அவ்விரு நிறுவனங்களிலும் அந்த விகிதம் ஏறத்தாழ 12.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. 2021இலோ 2022இலோ வேலை மாறியவர் அதற்காகத் தனியே நாண வேண்டியதில்லை. எதிரே இருப்பவரும் அப்போது மாறியவராக இருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பின் நிகழ்ந்த மாற்றங்களுக்குத்தான் விளக்கம் வேண்டும்.

இவ்வூரிலேயே வாழ்ந்த ஒருவரின் பணிக் குறிப்பை இங்கே விரித்துப் பார்ப்பது பயன் தரும். அவர் 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். 1876இல் பட்டம் பெற்றதும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியரானார். மறு ஆண்டே திருநெல்வேலிக்குச் சென்று அங்கிருந்த ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில்தான் அப்பள்ளி இந்துக் கல்லூரியாக உயர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் மீண்டும் திருவனந்தபுரம், தத்துவ ஆசிரியர் பணி. 1880இல் முதுகலைப் பட்டம். 1882இல் கல்லூரியையே விட்டுவிட்டுத் திருவிதாங்கூர் அரசில் பிறவகைச் சிரஸ்தார் என்னும் வருவாய்த் துறைப் பதவிக்குப் போனார். அங்கே மூன்று ஆண்டுகள். 1885இல் திரும்பவும் அதே கல்லூரியில் தத்துவப் பேராசிரியர்.

பத்து ஆண்டுகளுக்குள் ஐந்து பதவிகள், இரண்டு ஊர்கள், நடுவே துறையே மாறிய ஒரு பாய்ச்சல். பெயரை மறைத்து இந்தத் தாளை இன்றைய மனிதவள அலுவலர் ஒருவரிடம் நீட்டினால் "நிலையில்லாதவர்" என்று ஓரத்தில் குறித்துவிடுவார். பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அவர். தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்ற பாடல் அவருடைய நாடக நூலிலிருந்து எடுக்கப்பட்டது.

பெரியவர்களுக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்துமா என்று கேட்டு ஒதுக்கிவிட வேண்டாம். 1885இல் அவர் இன்னும் பெரியவர் ஆகவில்லை. முப்பது வயது ஆசிரியர், அவ்வளவே. அவருடைய குறிப்பில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, மாற்றங்களுக்கிடையே ஓடும் இழை. ஐந்து பதவிகளில் நான்கு கற்பிக்கும் பணி. விலகி நிற்பது வருவாய்த் துறைப் பணி ஒன்றுதான். விளக்கம் கேட்பதானால் அந்த ஒன்றைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கும். மற்றொன்று, கல்லூரி அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போனவரை, முன்னிலும் உயர்ந்த இடத்தில் அமர்த்தியது. அவருடைய ஆசிரியராக இருந்த டாக்டர் ஹார்வி வகித்த இடம் அது. பின்னர் 1891இல் மனோன்மணீயம் அச்சேறியபோது நூலை அந்த ஹார்விக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இடத்துக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். வேலையை விட்டவர் மனிதரை விடவில்லை. 1897இல் தம் நாற்பத்திரண்டாம் வயதில் மறையும்வரை பேராசிரியப் பணியிலேயே இருந்தார். ஓடியாடிய ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஓரிடம்.

இக்காலத்து விண்ணப்பதாரருக்கு இந்த இரண்டும்தான் தேவை. மாற்றங்களை இணைக்கும் இழை எது என்று அவர் காட்ட வேண்டும். பழைய இடத்தில் ஒருவராவது அவரைப் பற்றி நல்லது சொல்ல முன்வர வேண்டும்.

தாள்கள் முன்பே பேசிவிடும்

குறுகிய காலம் பார்த்த வேலையைத் தன்விவரக் குறிப்பில் எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். "மூன்று மாதம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?" இருபது ஆண்டுகளுக்கு முன் தெரியாமல் போயிருக்கலாம். 2014இல் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரே பொதுக் கணக்கு எண்ணை வழங்கத் தொடங்கியது. யூ.ஏ.என். என்று அனைவரும் அறிந்த பன்னிரண்டு இலக்க எண் அது. நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. எந்த நிறுவனத்தில் எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் விலகினார் என்ற பணி வரலாறு அந்த எண்ணின்கீழ் வரிசையாக நிற்கும். மூன்று மாதச் சம்பளத்தில் வரி பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் அந்த நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். பணியில் சேர்வதற்கு முன் பின்னணிச் சரிபார்ப்பு நடத்தும் நிறுவனங்கள் இந்த ஆவணங்களைத்தான் முதலில் கேட்கின்றன. சம்பளக் கணக்கின் ஆறு மாத அறிக்கையைக் கேட்பவர்களும் உண்டு.

ஒரு பக்கச் சுருக்கக் குறிப்பில் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொருந்தாத சிறு பணியை அதில் தவிர்ப்பது குற்றமாகாது. ஆனால் நிறுவனம் தரும் படிவத்தில் "இதுவரை பணியாற்றிய அனைத்து இடங்களும்" என்று கேட்டிருந்தால் அனைத்தையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நிறுவனத்தில் விலகிய மாதத்தையும் அடுத்ததில் சேர்ந்த மாதத்தையும் சற்றே இழுத்து இடைவெளியை மூடும் பழக்கம் அதைவிடத் தீங்கானது. நான்கு மாத இடைவெளியை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். தாளில் ஒரு தேதியும் வைப்பு நிதிப் பதிவில் வேறொரு தேதியும் இருந்தால் அதை விளக்க எந்த வாக்கியமும் போதாது. கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் நமக்கும் இதே அனுபவம்தான். குறைந்த வருமானம் காட்டிய விண்ணப்பத்தைவிடப் பொருந்தாத தேதி காட்டிய விண்ணப்பமே அதிகத் தயக்கத்தைத் தரும்.

ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களில் பணியாற்றுவது இதில் சேராத தனிச் சிக்கல். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் ஒரே சமயத்தில் வேலை செய்ததாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி வெளிப்படையாகத் தெரிவித்தார். அவ்வாறு மேற்பொருந்தும் மாதங்கள் பதிவில் இருந்தால், அறிவிப்புக் காலம் முடிவதற்குள் அடுத்த இடத்தில் சேர்ந்ததால் வந்த சில நாள்களா, வேறா என்பதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

நிறுவனம் அனுப்பியதா, நீங்கள் கிளம்பியதா

விளக்கங்களிலேயே எளிதாக இருக்க வேண்டியது, நிறுவனமே வேலையை முடித்துக்கொண்டது என்பதுதான். நடைமுறையில் அதுதான் சிக்கலாகிவிடுகிறது. காரணம், விலகல் கடிதத்தில் எழுதப்படும் ஒரு தொடர்: "சொந்தக் காரணங்களால்."

2022 அக்டோபரில் டெக்னோபார்க்கில் இயங்கிய பைஜூஸ் அலுவலகப் பணியாளர்கள், தங்களைத் தாங்களாகவே விலகுமாறு நிர்வாகம் வற்புறுத்துவதாகப் புகார் எழுப்பியது பலருக்கு நினைவிருக்கும். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் நல அமைப்பான பிரதித்வனி அவர்களுக்குத் துணை நின்றது. தொழிலாளர் துறை அமைச்சர் வி. சிவன்குட்டியிடம் முறையீடு போயிற்று. முதலமைச்சருடன் நிறுவனத் தலைமை பேசிய பின், நவம்பர் தொடக்கத்தில், திருவனந்தபுரம் மையம் தொடர்ந்து இயங்கும் என்றும் ஏறத்தாழ 140 பணியாளர்கள் அங்கே நீடிப்பர் என்றும் அறிவிக்கப்பட்டது. அன்று அவர்கள் ஏன் விலகல் கடிதத்துக்கு எதிராக நின்றார்கள் என்பதை வேலை தேடும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறுவனம் நீக்கினால் சட்டப்படி அறிவிப்பு, இழப்பீடு ஆகியவை பற்றிப் பேச இடமுண்டு. தாமே விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த இடம் சுருங்கிவிடும். அடுத்த நேர்முகத் தேர்வில், கேட்பவர் கையில் இருப்பது பணியாளரே எழுதிய கடிதம். வாயால் சொல்வது வேறாக இருக்கும்.

ஆகவே திட்டம் நிறுத்தப்பட்டது, கிளை மூடப்பட்டது, குழு கலைக்கப்பட்டது போன்ற காரணங்களால் வெளியேற நேர்ந்தால், விலகல் கடிதத்திலேயே அந்தக் காரணத்தை ஓர் அமைதியான வாக்கியத்தில் எழுதுவது நல்லது. நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்களைச் சொந்த முகவரிக்குச் சேமித்துக்கொள்ளலாம்; இரகசியத் தகவல்கள் அதில் கலந்திராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். பணி விடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் கிளம்பும் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது உத்தமம். மூடிய நிறுவனத்தில் ஓராண்டு கழித்துக் கேட்டால் கையெழுத்திட ஆள் இருக்க மாட்டார்.

சொல்லும் முறை

ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். நான்கு ஆண்டுகள், மூன்று நிறுவனங்கள். கேள்வி வருகிறது. அவர் சொல்கிறார்: "முதல் நிறுவனத்தில் மேலாளர் சரியில்லை. இரண்டாவதில் சம்பளம் குறைவு. இப்போது இருக்கும் இடத்தில் வேலைப்பளு தாங்கவில்லை." மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவர் தன் நிறுவனத்தின் பெயரையும் அந்தப் பட்டியலில் நான்காவதாகச் சேர்த்துப் பார்க்கிறார்.

அதே இளைஞர் இப்படியும் சொல்லலாம்: "முதல் நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஒன்றரை ஆண்டு இருந்தேன். தரவுத்தளப் பணிக்கு மாற விரும்பினேன். அங்கே அதற்கு வாய்ப்பில்லை. இரண்டாவது நிறுவனத்தில் அந்தப் பணி கிடைத்தது. ஓராண்டு கடந்ததும் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதால் எங்கள் குழுவைக் கலைத்தார்கள். மூன்றாவது இடத்தில் அதே பணியைப் பதினான்கு மாதங்களாகச் செய்கிறேன். அது பெங்களூரில் இருக்கிறது. பெற்றோர் இங்கே தனியாக இருக்கிறார்கள். அதனால் திருவனந்தபுரத்தில் நிலையாக இருக்க விரும்புகிறேன்."

ஒரு நிமிடத்துக்குள் முடியும் பேச்சு. யாரையும் குறை கூறவில்லை. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒன்றே ஒன்று. சோதனையிலிருந்து தரவுத்தளத்துக்கு என்று இழை தெரிகிறது. கடைசி வாக்கியம் வருங்காலத்துக்கு விடை சொல்கிறது. இதில் பொய் எதுவும் சேர்க்கப்படவில்லை. முதல் மேலாளர் சரியில்லாதவராகவே இருந்திருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுவன்று. ஆனால் பெற்றோர் காரணம் உண்மையாக இல்லாவிட்டால் சொல்லக் கூடாது. ஆறே மாதத்தில் வெளியூர் மாற்றம் கேட்டு நிற்க நேரும்போது அந்த வாக்கியம் திரும்பி வந்து எதிரே நிற்கும்.

சம்பளத்துக்காக மாறினேன் என்று சொல்வதில் இழுக்கு எதுவுமில்லை. கல்விக் கடன் தவணை தொடங்கிய ஆண்டில் கூடுதல் ஊதியம் தேடிப் போனேன் என்று ஒருவர் சொன்னால் பொறுப்புள்ளவர் என்றே தோன்றும். மூன்று மாற்றங்களுக்கும் அதையே காரணமாகச் சொன்னால்தான் கேட்பவர் தன் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

நேர்முகத் தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது; இவ்வூரில் மலையாளமும் கலந்து வரும். ஆனாலும் பதிலை முதலில் தாய்மொழியில் வீட்டாரிடம் சொல்லிப் பார்ப்பது நல்லது. தமிழில் சொல்லும்போது நெருடும் இடம் ஆங்கிலத்தில் மழுப்பப்பட்டு நிற்கும் இடம் என்பது நம் துணிபு. அப்பாவிடம் முழுவதுமாகச் சொல்ல முடிந்த பதிலை யாரிடமும் சொல்லலாம்.

இவ்வூருக்கே உரிய சில இடைவெளிகள் உண்டு. பொதுத் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கவென்று தனியார் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு, இரண்டு ஆண்டு இருந்தவர்கள் பலர். தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்தும் நியமனம் எட்டாமல் பட்டியலின் காலம் முடிந்துபோனவர்களும் உண்டு. தேர்வுக்குப் படித்தேன் என்று நேராகச் சொல்லலாம். இங்கே அதைப் புரிந்துகொள்ளாத முதலாளி இல்லை. அடுத்து அவர் கேட்பது, இனியும் எழுதப்போகிறீர்களா என்பதுதான். அதற்கு மழுப்பாத விடை வேண்டும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கு வேறொரு தொல்லை: அங்கே நிறுவனம் பெயர் மாறியிருக்கும், ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருந்திருக்கும். விசா முத்திரைகள் உள்ள பழைய கடவுச்சீட்டுகளையும் சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் அறிக்கைகளையும் அவர்கள் எறிந்துவிடக் கூடாது. சான்றிதழ் கிடைக்காத ஆண்டுகளுக்கு அவையே சாட்சி. மகப்பேற்றுக்குப் பின் வேலைக்குத் திரும்பாமல் சில ஆண்டுகள் வீட்டிலிருந்த பெண்கள் அதை ஒரு குறையைப் போல் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கண்டிருக்கிறோம். குழந்தையை வளர்த்தேன் என்பது முழுமையான விளக்கம். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

கடன் கேட்கும்போது

வீட்டுக் கடன் இருபது, முப்பது ஆண்டுகள் நீளும் உறவு. ஆகவே வங்கியும் நிலைத்தன்மையைப் பார்க்கிறது. ஆனால் நிறுவனங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு விண்ணப்பம் எடைபோடப்படுவதில்லை. ஒரே தொழிலில் தொடர்கிறாரா, மாறும்போது வருமானம் கூடியதா குறைந்ததா, வேலையில்லாத மாதங்களில் பழைய கடன்களின் தவணை தவறாமல் போயிற்றா என்பவை பொதுவாகப் பார்க்கப்படும். இவற்றுள் கடைசியானது மிகுந்த எடையுள்ளது. மூன்று மாத இடைவெளியிலும் தவணையை நிறுத்தாதவர் சேமிப்பு வைத்திருப்பவர் என்று பொருள். இப்படிப்பட்டவர் தம் பணி மாற்றங்களை விளக்கி ஒரு பக்கக் கடிதம் இணைத்தால் அலுவலரின் வேலை எளிதாகும். நேர்முகத் தேர்வில் சொன்ன அதே காரணங்களே அதிலும் இருக்கட்டும்.

கடன் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே வேலை மாறுகிறவர்கள், அதை வங்கிக்குத் தாமே தெரிவித்துவிட வேண்டும். பழைய அலுவலகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போனவரிடம் "அவர் இங்கே இல்லையே" என்று வரவேற்பறையில் சொல்லப்படுவதால் தேவையற்ற ஐயம் பிறக்கிறது.

மாறுவதால் கையை விட்டுப் போகக்கூடியவற்றையும் கணக்கிட்டுவிட்டு மாறுவதே முறை. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்பது கணக்கு. நான்கரை ஆண்டுகளில் கிளம்புகிறவர் நாள்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் பணியாற்றுவோருக்கு இந்த ஐந்தாண்டு நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறது. ஒப்பந்தப் பணியாளர்கள் அதைக் கேட்டறிய வேண்டும். வருங்கால வைப்பு நிதியை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எடுத்துச் செலவழிப்பவர்கள் இரண்டு இழப்புகளுக்கு ஆளாகிறார்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணி நிறைவதற்குள் எடுக்கும் தொகைக்கு வரி உண்டு. ஆனால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொண்டால் முந்தைய நிறுவனத்தின் காலமும் அந்த ஐந்தில் சேரும். ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுகள் வேண்டும். இடையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் அதுவரையான காலம் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

நிதியாண்டின் நடுவே மாறுகிறவர்கள், பழைய நிறுவனத்தில் பெற்ற ஊதிய விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் இரு நிறுவனங்களும் நிலைக்கழிவைத் தனித்தனியே தந்து, வரியைக் குறைத்துப் பிடித்திருக்கும். ஜூலை மாதம் வருமான வரிப் படிவம் நிரப்பும்போது மொத்தமும் வட்டியுடன் கட்ட வேண்டி வரும்.

விலகிய நாளைப் பழைய நிறுவனம் வைப்பு நிதிப் பதிவில் ஏற்றியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றாமல் விட்டிருந்தால், பதிவின்படி அவர் இன்னும் அங்கேயே பணியாற்றிக்கொண்டிருப்பார். கடைசி மாதச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதங்கள் கடந்தபின், உறுப்பினரே தம் யூ.ஏ.என். கணக்குக்குள் சென்று அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண் செயல்பாட்டில் இருந்தால் போதும்.